குங்குமம் வைத்த பெட்டி

"அந்தக் குங்குமத்துல கை பட்டுச்சுன்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்," என்றார் தனபாலன்.

விஜயராணி கையை இழுத்துக்கொண்டாள். பத்தாங் பெர்ஜுந்தாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் செம்பனை எண்ணெய் ஆலையில் கணினி அறைக்குப் பொறுப்பாளர் தனபாலன். ஆனால் வந்ததிலிருந்து கோயில் பூசாரி மாதிரி அந்தக் கறுப்புப் பெட்டிக்கு முன்னால் மறித்துக்கொண்டு நின்றார்.

எந்த லோரி எவ்வளவு பழம் ஏற்றி வந்தது என்பது வரை ஆலையின் தகவல் முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. அதைக் காத்துவைக்கும் மென்பொருள் விஜயராணியின் கம்பெனி செய்தது. இதுவரை அது ஒரே ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் பெட்டியில்தான் ஓடும். அந்த நிறுவனத்தின் சின்ன அட்டை ஒன்று உள்ளே செருகியிருந்தால்தான் கண்ணையே திறக்கும்.

புதிய பதிப்புக்கு அந்த வீம்பு கிடையாது, கடையில் கிடைக்கிற எந்தப் பெட்டியிலும் ஓடும். அதைக் காட்டத்தான் சாதாரணப் பெட்டி ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டு ரவாங்கிலிருந்து வந்திருந்தாள். ஏற்கெனவே போன இடங்களில் எல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இங்கேயும் வேண்டாம் என்றால் அவளுடைய பிரிவையே மூடிவிடுவதாக மேலிடம் சொல்லிவிட்டது. அதாவது, வேலை போய்விடும்.

அறையில் ஏர்கோன், பிரிண்டர், கதவு என்று எல்லாவற்றிலும் போன ஆயுத பூசையின் பொட்டு இருந்தது, நட்டநடுவில், சின்னதாக. பெட்டிக்கு மட்டும் இடது மூலையில் குங்குமத்தைக் குழைத்து அப்பி வைத்திருந்தார்கள். மனுஷனுக்குப் பக்தி கொஞ்சம் அதிகம்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"பழைய பெட்டியத் திறந்து ஒரு தடவ பாத்தேன்னா ஒப்பிட வசதியா இருக்கும், அண்ணே."

"அண்ணன் கிண்ணன்லாம் வேணாம். ஒன் பெட்டிய மட்டும் பாரு."

பார்த்தாள். புதுப் பெட்டியை மாட்டி, தகவல்களைப் பிரதி எடுத்து ஓடவிட்டாள். ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அவர் எட்டிப் பார்க்கக்கூட இல்லை.

அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி கலாவதிக்குத்தான் சந்தோஷம். புது மெஷின் வந்திருக்கிறது, நல்லபடியாக ஓடட்டும் என்று சொம்பில் மஞ்சள் தண்ணீரும் மாவிலையுமாக வந்தாள். தனபாலன் ஒரே பாய்ச்சலில் வாசலை அடைந்தார்.

"தண்ணிய உள்ள கொண்டு வராத."

அவர் தட்டிவிட்ட வேகத்தில் சொம்பு உருண்டு, மஞ்சள் தண்ணீர் வாசல் முழுக்க ஓடியது. கலாவதி முகம் சுருங்கித் திரும்பிப் போனாள். விஜயராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் பெட்டிக்கு ஒரு சொட்டு மஞ்சள் தண்ணீர்கூடப் படக்கூடாதா, அவ்வளவு வயிற்றெரிச்சலா?

மதியம் மேனேஜர் ரவீந்திரன் வந்தார். அவள் திரையைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். தனபாலன் குறுக்கே புகுந்து கொதிகலன் சூடு, நீராவி, நார்த்தூசி என்று அடுக்கினார். கண்ட கண்ட பெட்டியெல்லாம் இங்கே தாங்காது, ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்தான் என்று முடித்தார்.

"அதுவும் சரிதான்," என்றார் ரவீந்திரன். "மொதல்ல அடிக்கடி படுத்துக்கும். இப்ப மூணு வருஷமா ஒரு நாள்கூட நின்னதில்ல."

பிறகு விஜயராணி பக்கம் திரும்பினார். "இந்த மில்லு சூட்டுல ஒரு வருஷம் தாங்குன வேற கம்பெனி பெட்டி ஒன்னே ஒன்னு காட்டும்மா. இப்பவே சைன் பண்றேன். இல்லன்னா தூக்கிட்டுக் கெளம்பு லா."

அப்படி ஒன்றுக்கு அவள் எங்கே போவாள்? வயர்களைக் கழற்றினாள். தனபாலன் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்து, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இந்நேரம் ரவாங் ரோடு காலியாத்தான் இருக்கும்," என்றார்.

அறையலாம் போல இருந்தது. வயரைச் சுற்றுவதற்காகத் தன் பெட்டியைப் பழைய பெட்டிக்கு நேர் கீழே இருந்த தட்டில் வைத்தாள். இரண்டும் கறுப்புத் தகரம்தான், இரண்டும் ஒரே உயரம். அவளுடைய பெட்டியின் இடது மூலையில், தயாரித்தவர்களின் பெயர் வெள்ளி எழுத்துகளில் புடைத்துக்கொண்டு இருந்தது.

மேலே பார்த்தாள். அதே மூலையில் குங்குமம்.

கட்டைவிரலை வைத்து அழுத்தித் துடைத்தாள். தனபாலன் "ஏய்" என்று கத்தினார். ஆனால் கதவைப் பிடித்த இடத்தைவிட்டு அசையவில்லை. சிவப்புக்கு அடியிலிருந்து வெள்ளி எழுத்துகள் எட்டிப் பார்த்தன. கீழே இருந்த அதே பெயர்.

"இதுவும் கடைப் பெட்டிதான், சார்," என்றாள். "ஒரிஜினல் பெட்டியோட அட்டைய மட்டும் கழட்டி இதுல மாட்டி, எங்க சாப்ட்வேரையே மூணு வருஷமா ஏமாத்தியிருக்காரு."

ரவீந்திரன் குனிந்து மேலும் கீழும் பார்த்தார். கையெழுத்துப் போட விஜயராணியிடமிருந்து பேனாவை வாங்கிக்கொண்டே, "அப்ப ஒரிஜினல் எங்க, தனபாலன்?" என்றார்.

தனபாலன் வாசலைப் பார்த்தார். மஞ்சள் தண்ணீர் இன்னும் காயவில்லை.

"மூணு வருஷத்துக்கு முந்தி ஆயுத பூசைக்கு நான் தெளிச்ச மஞ்சத் தண்ணியில அன்னைக்கே செத்துப்போச்சு, பாஸ்."