பதிமூணாவது குப்பி

தாம்பரம் பக்கத்து மருந்து லேப்ல ஸ்ரீவத்சனுக்கு ஒரே வெறி. மூட்டுவாதத்துக்கு மாசாமாசம் ஆஸ்பத்திரியில நாள்பூரா ட்ரிப் ஏத்திக்கிற பொண்டாட்டி சின்மயி, அந்த ஆன்டிபாடி மருந்தை வீட்டுலயே தோலுக்கடியில ஒரே ஊசியா போட்டுக்கணும். அதுக்காக ஒரே ஊசியில அடங்குற அளவுக்குக் கெட்டியாக்கினா, கொஞ்ச நாள்ல மருந்து பாகாட்டம் இறுகிக் கலங்கிடுது.

மார்ச்சுல ரெண்டு பேரா எண்ணிக் கையெழுத்துப் போட்டு, அந்த மருந்துல பன்னெண்டு குப்பியை, எத்தனை நாள் கெடாம தாங்குதுன்னு பாக்க சூட்டுப் பெட்டியில பூட்டினாங்க. ஜூன்ல திறந்தா பதிமூணு.

"இன்னா சார், குட்டி போட்டுச்சா?"ன்னு கூட வேலை செய்யுற நிஷா சிரிச்சா.

பன்னெண்டும் கலங்கல். பதிமூணாவது மட்டும் தெளிவா, பாதி காலியா இருந்தது. லேபிள்ல 2009ன்னு தேதி, நடக்கிறதோ 2007. அவன் எழுத்துலயே, அவன் இன்னும் செஞ்சு பாக்காத கலவை. அதுக்குக் கீழே, ரெண்டு வருஷமா பேனா பிடிக்க முடியாத சின்மயியோட முத்து முத்தான எழுத்து: "நானே போட்டுக்கிட்டேன். வலிக்கல."