பாறை வழி

பனிமலையில் அக்காவும் தங்கையுமாக இரண்டு காட்டாடுகள் இருந்தன. ஒரு காலை, புதுப்பனி மூடிய சரிவில் அக்கா கால் வைத்ததும் அடியில் ‘பொதுக்’கென்று ஓசை கேட்டது.

“அடியில பிடிப்பு இல்லைடி. பாறை வழியாச் சுத்திப் போயிடலாம்.”

“நேத்துகூட இப்படித்தானே போனோம்? நீ சுத்தி வா. நான் அந்தப் பக்கம் காத்திருக்கேன்,” என்று தங்கை சரிவில் இறங்கியது.

பாதி தூரத்தில் பனி பிளந்து, தங்கையை வாரிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டியது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அக்காவுக்குத் தொண்டை வறண்டது.

மறுநாள் ஒரு மந்தை வந்தது.

“அந்தப் பக்கம் போகாதீங்க. என் தங்கை உள்ளே கிடக்கா.”

“ஐயோ பாவம்,” என்றது முன்னால் வந்த கிடா. “ஆனா, சரிய வேண்டியது சரிஞ்சாச்சே. இனிமே என்ன பயம்?”

மந்தை பனியில் இறங்கியது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லாமல், அக்கா தனியாகப் பாறையில் ஏறியது.