தர்பார் மண்டபத்து மயில்

ஆற்றங்கரை அரண்மனையின் தர்பார் மண்டபத்தில், மேற்கூரை நிறைய ஒரு மயில் ஓவியம். சன்னல் வழியே ஆற்றின் வெளிச்சம் வந்து ஆடினால், மயிலுக்குத் தானே ஆடுவதுபோல் கனவு.

ராஜா முன்னால் யாரும் தலை நிமிரக் கூடாது. வந்தவர்கள் குனிந்தபடியே, "அடடா, என்ன அழகு!" என்பார்கள். மயிலுக்கு வயிறு எரியும்.

"மிதிபடுகிற உனக்கா இவ்வளவு புகழ்?" என்று பளபளக்கும் கறுப்புத் தரையை ஏசும்.

ஒருநாள் ராஜாவுக்குக் கால் குளிர்ந்தது. தரை முழுக்கக் கம்பளம் விரித்தார்கள். 'ஒழிந்தது!' என்று மயில் பூரித்தது.

வந்தவர்கள் குனிந்தார்கள், ஒன்றும் சொல்லாமல் போனார்கள்.

"ஏன் யாருமே வாய் திறக்கவில்லை?"

கம்பளத்தடியிலிருந்து தரை மெல்லச் சொன்னது: "இத்தனை நாளும் எனக்குள் அவர்கள் பார்த்தது உன்னைத்தானே, மயிலே."

இப்போதெல்லாம் ஆற்றுக்காற்று உள்ளே வந்தால் மயில் கெஞ்சுகிறது: "கம்பளத்தின் ஓரத்தையாவது கொஞ்சம் தூக்கிவிடேன்."