கடிகாரத்துக்குப் பின்னால் ஒரு சீப்பு

"கண்ண மூடுங்க சார். இப்ப உங்க வீட்டு வாசல்ல நிக்கிறீங்க," என்றார் அந்தப் பெண் பயிற்சியாளர்.

தபால்காரர் கண்ணை மூடினார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி கைப்பையை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

தலையில் அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வு வகுப்பு அது. அவர்கள் வீட்டில் மறதி குடியேறி மூன்று மாதமாகிறது. பால் பொங்கி வழியும், சாவி தொலையும், வந்த விருந்தாளியையே "யாருங்க நீங்க?" என்று கேட்டதும் நடந்தது.

பயிற்சியாளர் பிளாஸ்டிக் மூளையைப் பிரித்து உள்ளே காட்டினார். "இந்தச் சின்ன மூலைதான் ஞாபகத்தையும் பாத்துக்குது, வழியையும் பாத்துக்குது. அதனால, மறக்கிற பொருள மறக்காத இடத்துல கொண்டுபோய் வச்சிடணும். நான் சொன்ன அஞ்சு பொருளையும், தூக்கத்துல கேட்டாலும் சொல்ற இடமாப் பாத்து வைங்க."

தபால்காரருக்கு அப்படி ஐந்து இடங்கள் இருந்தன. ஐந்தும் சாக்லேட் ஒளித்து வைத்த இடங்கள்.

சர்க்கரை எகிறிக் கிடக்கிற மனிதர். "இனிமே ஒரு மிட்டாய் கண்ணுல பட்டுதோ, உங்க அக்காவக் கூட்டிட்டு வந்து வீட்டோட வச்சிடுவேன்!" என்று போன வருஷமே மனைவி எச்சரித்திருந்தாள். அக்கா ஓய்வு பெற்ற ஜெயில் வார்டர். தம்பியைக் கண்டால் மட்டும் இன்னும் டியூட்டியில் இருப்பதாக நினைப்பு.

"சொல்லுங்க சார்."

"சீப்பு, சுவர்க் கடிகாரத்துக்குப் பின்னாடி. குடை, பரண் மேல உடைஞ்ச குக்கருக்குள்ள."

"குக்கருக்குள்ள குடையா?"

"மடக்குக் குடைங்க. பூட்டு, பழைய ஷூவுக்குள்ள. மெழுகுவர்த்தி, தையல் மெஷின் டிராயர்ல. கத்தரிக்கோல், அரிசி டப்பா அடியில... சாக்லேட் நசுங்காம ஓரமா."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஓரக்கண்ணால் பார்த்தார். மனைவி ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பி வந்தது அவருக்கு.

வகுப்பே கைதட்டியது. தபால்காரர் மாப்பிள்ளை முறுக்கோடு சாய்ந்து உட்கார்ந்தார்.

"அஞ்சுக்கு அஞ்சு! துணைக்கு வந்தவரே இவ்வளவு அழகா செஞ்சு காட்டிட்டார்," என்ற பயிற்சியாளர், அவர் மனைவி பக்கம் திரும்பினார். "இப்ப நீங்க சொல்லுங்கம்மா. ஸ்கூட்டர்ல இருந்து விழுந்ததுல இருந்து, காலையில கேட்டது மத்தியானம் நிக்கலேன்னு சொன்னீங்களே, முயற்சி பண்ணிப் பாப்போமா?"

அவள் கண்ணை மூடினாள்.

"கடிகாரத்துக்குப் பின்னாடி. உடைஞ்ச குக்கர். பழைய ஷூ. தையல் மெஷின் டிராயர். அரிசி டப்பா அடி."

சாய்ந்திருந்த தபால்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் நிதானமாகக் கண்ணைத் திறந்தாள்.

"பொருள் பேரெல்லாம் சுத்தமா மறந்துபோச்சு மேடம். ஆனா, இவரோட அக்கா போன் நம்பர் ஞாபகம் வந்துடுச்சு!"