காவல்தெய்வத்தின் முதுகு

பூசை மாடம் காலியாகக் கிடப்பதைப் பார்த்ததும் குய்ஷன் தன் தம்பி ஷுன்ஹேயைப் பிடித்துக்கொண்டாள்.

“சாமி எங்கடா?”

“பழம்பொருள் வியாபாரி வாங்கிட்டுப் போயிட்டான்க்கா. உசுரை எடுத்துட்டுத்தான் குடுத்தேன். இப்போ அது வெறும் கட்டை.”

அவர்கள் ஊரில் சாமியின் மரச்சிலையின் முதுகைக் குடைந்து, பூசாரி தேனீ ஒன்றை வைத்து மூடுவார். அதுதான் சிலைக்கு உயிர்.

“தேனீ எங்க?”

“காஞ்சு கிடந்துச்சு. அடுப்புல போட்டுட்டேன்.”

“முப்பாட்டன் காலத்துலேருந்து நம்ம வீட்டைக் காத்த சாமிடா. உனக்கு வெக்கமா இல்ல?”

“கத்தாத. காலையிலேருந்து முதுகு அரிக்குது, என்னன்னு பாரு.”

அவன் சட்டையைத் தூக்கினாள். நடுமுதுகில் சதுரமாக ஒரு மரமூடி இருந்தது. உள்ளே தேனீ இரைந்தது.

“அசையாம நில்லுடா, நாயே,” என்று மூடியைக் கட்டைவிரலால் அழுத்தி இறுக்கினாள். பிறகு அவனை மாடத்தடிக்கு இழுத்துப்போய் நிறுத்தி, ஊதுவத்தி கொளுத்தினாள்.