குருவிக் கணக்கு

இன்ஸ்பெக்டர் குருவிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

வேப்பமரத்தடியில் நின்று, விரலை நீட்டி, உதடு அசைய எண்ணினார். பின்னால் சாவிக்கொத்தோடு அப்பா.

அது ஐம்பத்தொன்றாம் வருஷம். ரேஷன் காலம். கீரனூர்ப் பக்கம் அரசாங்க அரிசி மூட்டைகளை வைக்கும் ஒரு கிட்டங்கிக்கு அப்பாதான் பொறுப்பு. அதன் பின்கட்டிலேயே எங்கள் வீடு.

"நூத்திப் பத்துக்கு மேல இருக்கு தைரியநாதன். மத்த கிட்டங்கியில இருபது தேறாது. இங்க மட்டும் என்ன விசேஷம்?"

"மரம் இருக்குங்க சார், அதான்..."

"மரம் ஊரெல்லாம் இருக்கு. சிந்துற எடத்துக்குத்தான் குருவி வரும். ரிஜிஸ்டர்ல நீங்க என்ன வேணா எழுதலாம். குருவி பொய் சொல்லாது."

ரேஷன் கடைகளுக்குப் போகவேண்டிய மூட்டைகள் வாசல் தாழ்வாரத்தில் அடுக்கியிருக்கும். அங்கே போய்ப் பார்த்தார். பல மூட்டைகளில் துளைகள், அவற்றின் வழியே அரிசி ஒழுகிக்கொண்டிருந்தது. மூட்டையைப் பிரிக்காமல் அரிசி எடுத்துப் பார்க்கக் குத்தூசி என்று ஒன்று உண்டு. கூரான இரும்புக் குழல். குத்தி இழுத்தால் ஒரு கை அரிசி வரும், சணல் விலகித் துளை நிற்கும். வண்டியில் ஏற்றியபோது யாரோ குத்திவிட்டு மூடாமல் விட்ட துளைகள் அவை.

இன்ஸ்பெக்டர் ஒரு துளையில் கட்டைவிரலை வைத்து வட்டமாகத் தேய்த்தார். இழைகள் கூடிக்கொண்டன. அரிசி நின்றது.

"இவ்வளவுதான் வேலை. அடுத்த மாசம் வருவேன். இதே கூட்டம் இருந்துச்சுன்னா மேல எழுதிருவேன். அப்புறம் வேற ஆளு வந்து சாவிய வாங்கிக்குவாரு."

சாவி போனால் வீடும் போகும்.

அந்தக் குருவிச் சத்தத்தில்தான் நான் வாய்ப்பாடு படித்தேன். இப்போதும் எங்காவது அதைக் கேட்டால் பதினாறாம் வாய்ப்பாடு தானாக வாயில் வருகிறது. முன்பெல்லாம் அத்தனை குருவிகள் இல்லை. இரண்டு வருஷம் மழை பொய்த்து, கண்மாய் வறண்டு வெடித்து, வயலில் கொத்த ஒன்றுமில்லை என்றானதும் சுற்றுவட்டாரக் குருவியெல்லாம் எங்களிடம் வந்துவிட்டது. மாதா படத்துக்குப் பின்னால்கூட ஒரு கூடு. குருவிகளைத் தேடி எங்கிருந்தோ இரண்டு பூனைகள். அம்மா எதையும் விரட்டியதில்லை.

மறுநாளிலிருந்து அப்பா ஒவ்வொரு மூட்டையாகத் தேய்த்தார். கட்டைவிரலில் தோல் உரிந்துவிட்டது.

நாலாம் நாள் ராக்காயி வந்து நின்றாள். வயல் வேலைக்குப் போகிறவள். கையில் விளக்குமாறும் புடைக்கிற சொளகும்.

"வாசலக் கூட்டித் தாரேங்கய்யா. கூலி வேணாம்."

"பின்ன என்ன வேணும்?"

"கூட்டுன மண்ண மட்டும் அள்ளிக்கிறேன்."

அப்பா அவள் சொளகைப் பார்த்தார். பிறகு, "கூட்டு" என்றார்.

மண்ணைப் புடைத்து அவள் எடுத்தது ஒரு கைப்பிடி இருக்கும். அடுத்த நாள் மூன்று பேர் வந்தார்கள். வாரக் கடைசியில் பதினொரு பேர். விடிந்தும் விடியாமலும் வந்து, குருவி இறங்குமுன் கூட்டிவிடுவார்கள்.

"குருவி வாயிலேருந்து பிடுங்கித் திங்கிறோமே, நமக்கும் றெக்கை மொளைக்கப் போவுதுடி" என்றாள் கூட்ட வந்தவர்களில் ஒருத்தியான செவந்தி.

"மொளைக்கட்டும். தஞ்சாவூருக்குப் பறந்து போயிரலாம்" என்றாள் ராக்காயி. பசித்த வயிற்றோடு எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா துளைகளைத் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். முன்னைவிட அதிகமாகவே அரிசி சிந்தியது. ஆனால் குருவிகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. பூனைகளும் போயின. மாதா படத்துக்குப் பின்னால் வெறும் வைக்கோல்தான் மிச்சம்.

சொன்னபடி இன்ஸ்பெக்டர் வந்தார். அப்பா சாவிக்கொத்தோடு பின்னால் போனார்.

மரத்தடியில் நின்று எண்ணினார். ஐந்து.

"பரவாயில்லையே. திருந்திட்டீங்க."



இன்ஸ்பெக்டர் சட்டென்று குனிந்தார். வாரிவிட்ட தலை போல மண்ணெங்கும் விளக்குமாற்றுக் கோடுகள். கோடுகள் போன வழியே அவர் பார்வையும் போயிற்று. சுவரோரம் ராக்காயி சொளகை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றாள். அவளோடு மற்றவர்களும்.

"இவங்க யாரு?"

"வாசல் கூட்டுறவங்க சார்."

"இம்புட்டு வாசலுக்கா?"



இன்ஸ்பெக்டர் அவர்களை எண்ணினார். குருவிகளை எண்ணியது போலவே, விரல் நீட்டி, உதடு அசைய. பதினொன்றில் விரல் நின்றது.

பிறகு குத்தூசியைக் கேட்டு வாங்கினார். வழக்கமாக மூன்று மூட்டைதான் குத்திப் பார்ப்பார். அன்று ஓரமாக இருந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகக் குத்திக்கொண்டே போனார். ரிஜிஸ்டரில் 'குருவித் தொல்லை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

அப்பா அந்த வரிசையருகே போய் நின்றார். நானும் போனேன்.

பதினொரு மூட்டைகள், பதினொரு துளைகள். ஒன்றில்கூட இன்ஸ்பெக்டரின் கட்டைவிரல் பட்டிருக்கவில்லை.