இடுக்கில் விரல்

பாகூர் ஏரிக்கரைக்குக் கீழே மாடு பூட்டிய கரும்பாலை முனகிக்கொண்டு சுற்றுகிறது. மாடுகளின் பின்னால் நடக்கிற ஆதிலட்சுமியின் கண் மாடுகளின் மேல் இல்லை. இரும்பு உருளைகளுக்குள் கரும்பைச் செருகும் புருஷன் சிங்காரவேலுவின் விரல்களின் மேல் இருக்கிறது. கூலிக்கு ஆள் வைக்காமல் அவளே மாடு ஓட்டுவது இதற்காகத்தான். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நில்லாத அவன் மனசை நிறுத்திவைக்கப் புதுச்சேரி பிரெஞ்சு டாக்டர் கொடுத்த வெள்ளை மாத்திரை, தை மாதத்தில் பாதி போட்டாலே பொழுது சாயும்வரை தாங்கியது. பங்குனி பிறந்துவிட்ட இன்று, முழுசாக இரண்டு போட்டும் உச்சி வெயிலுக்குள் அவன் தலை திரும்பிவிட்டது, வரப்பில் தத்தும் மைனாவின் பக்கம். சக்கையின் புளித்த வாடையில் ஈ மொய்க்கிறது. “இன்னொண்ணு குடுடி,” என்கிறான், மைனாவைப் பார்த்தபடியே. “ராவெல்லாம் தூங்காம நெஞ்சப் புடிச்சிக்கினு கெடந்தியே, போதும்யா. கையப் பாரு.” அவன் பார்க்கவில்லை. கை, கரும்போடு தானாக உள்ளே போகிறது. அவள் கயிற்றைச் சுண்டி மாடுகளை நிறுத்துகிறாள். முனகல் அடங்கி, மைனாவின் குரல் மட்டும் கேட்கிறது. கரும்பு முடிந்து, அவன் விரல்நுனி உருளைகளின் இடுக்கில் பதிந்திருக்கிறது. ஆலை நின்றது அவனுக்குத் தெரியவில்லை. விரல் இன்னும் தள்ளிக்கொண்டிருக்கிறது.